யூசர் குரூப் கூட்டத்துக்குப் போய் என்ன ஆகப்போகிறது?

கேள்வி – 2025 பிப்ரவரி 2

கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் டிசைன் பார்க்கிறேன். நாலு வருஷ அனுபவம். மாதம் ஒரு சனிக்கிழமை சாலிட்வொர்க்ஸ் (கம்ப்யூட்டரில் பாகங்களை டிசைன் செய்கிற சாஃப்ட்வேர்) பயன்படுத்துகிறவர்கள் கூடுகிறார்கள், வா என்று கூட வேலை பார்ப்பவர் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். எனக்குத் தெரிய வேண்டியதெல்லாம் யூடியூபில் இருக்கிறது. டீலர் வந்து புது வெர்ஷன் பெருமை பேசுவார், பப்ஸும் டீயும் கொடுப்பார்கள், அவ்வளவுதானே? இதற்காக ஒரு சனிக்கிழமை சாயங்காலத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டுமா?

பதில் – பிப்ரவரி 2, இரவு

பப்ஸ் கிடையாது. உளுந்து வடை. மற்றபடி நீங்கள் சொன்னதில் முக்கால்வாசி சரி.

நானும் முதல் தடவை போனபோது பாதியில் எழுந்து வந்தவன்தான். சாலிட்வொர்க்ஸ் 2016 வந்த சமயம். அந்த வெர்ஷனில் ஐகான்களை எல்லாம் நீலமாக மாற்றியிருந்தார்கள். அது கண்ணுக்கு எவ்வளவு நல்லது என்று ஒருவர் நாற்பது நிமிஷம் பேசினார். எனக்கு எந்த ஐகான் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் ஒரு வாரம் வேலை கெட்டிருந்தது. டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

பிப்ரவரி 3, காலை

நேற்று அவசரத்தில் எழுதிவிட்டேன். போவதா வேண்டாமா என்பதற்கு என்னிடம் ஒரே ஒரு கதைதான் இருக்கிறது, அதைச் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருஷம் முன்பு ஒரு மோனோபிளாக் பம்புக்கு (மோட்டாரும் பம்பும் ஒரே உருப்படி) கேசிங், அதாவது வெளிக்கூடு, டிசைன் செய்தேன். கிரே அயர்ன் வார்ப்பு. பம்ப் நிற்கிற கால் ஒரு பாதியில் மட்டும், அதுவும் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும். வழக்கம்போல மாடலை பார்ட்டிங் லைனில் (மண் அச்சின் இரண்டு பாதியும் சேரும் கோடு) வெட்டி, மேல்பாதி கீழ்ப்பாதி என்று இரண்டு ஃபைலாக்கி, ஒவ்வொன்றுக்கும் 1.01 ஸ்கேல் கொடுத்து பேட்டர்ன் (மண்ணில் அச்சு பதிக்கிற மாதிரி உரு) செய்கிற கடைக்கு அனுப்பினேன். இரும்பு குளிரும்போது சுருங்கும், அதற்குத்தான் அந்த ஒரு சதவீதம். பம்ப் கம்பெனிக்காரருக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

காஸ்டிங் வந்தது. பார்ட்டிங் லைன் நெடுக ஒரு படி. நகத்தால் தடவினாலே தட்டும். வெர்னியரில் 0.6 மி.மீ. காட்டியது.

பவுண்டரிக்காரர் பேட்டர்ன் சரியில்லை என்றார். பேட்டர்ன்காரர், "அவங்க பாக்ஸ் பின்னெல்லாம் தேஞ்சு கெடக்குதுங்க, பழிய என்ற மேல போடறாங்க" என்றார். (மண் அச்சின் மேல், கீழ்ப் பெட்டிகளைச் சேர்த்து நிறுத்துகிற பின்.) நான் நடுவில் நின்று இரண்டு பேரையும் நம்பினேன். பதினைந்து நாள் இப்படியே போனது. கஸ்டமர் தினமும் காலையில் போன் அடிப்பார், நான் குளிக்கப் போய்விடுவேன்.

அந்த மாதக் கூட்டத்துக்குப் புலம்பலாமே என்றுதான் போனேன். ஃபைலைத் திறந்து திரையில் போட்டேன். டை டிசைன் செய்கிற ஒரு மேடம் இரண்டாவது வரிசையில் டீ கிளாஸோடு உட்கார்ந்திருந்தார். "எதை மையமா வெச்சு ஸ்கேல் பண்ணீங்க? சென்ட்ராய்டா, ஆரிஜினா?" என்று கேட்டார். எனக்கு அங்கேயே வயிறு கலங்கிவிட்டது.

ஸ்கேல் கட்டளையில் ஒரு சின்னக் கட்டம் உண்டு. எந்த இடத்தை மையமாக வைத்துப் பெரிதாக்கட்டும் என்று கேட்கும். சென்ட்ராய்ட் (உருவத்தின் மையம்), ஆரிஜின் (ஃபைலின் ஜீரோப் புள்ளி), கோஆர்டினேட் சிஸ்டம் (நாமே வைக்கிற அச்சு) என்று மூன்று வழி. என் ஃபைலில் சென்ட்ராய்ட் நின்றிருந்தது. நான் அந்தக் கட்டத்தைத் தொட்டதே இல்லை. முழு மாடலுக்கு ஸ்கேல் கொடுத்திருந்தால் குடி முழுகியிருக்காது. நான் வெட்டிய பிறகு தனித்தனியாகக் கொடுத்திருந்தேன். கால் இருக்கிற பாதியின் மையம் காலை நோக்கி ஒதுங்கியிருக்கும், மற்ற பாதியின் மையம் வேறு இடத்தில் இருக்கும். இரண்டும் தன் தன் மையத்திலிருந்து விரிந்தன. பேட்டர்ன் கடையில் இரண்டையும் ஆரிஜினை ஜீரோவாக வைத்து வெட்டினார்கள். இரண்டு மையத்துக்கும் இடையில் 58 மி.மீ. அதில் ஒரு சதவீதம் 0.58. பதினைந்து நாள் தேடிய படி அதுதான்.

யூடியூபில் இருக்கிறது என்கிறீர்கள். இருக்கும். ஆனால் என்னவென்று தேடியிருப்பேன்? எனக்கு அது பவுண்டரிப் பிரச்சினை. நான் தேடியதெல்லாம் மோல்டிங் பாக்ஸ் வீடியோக்கள்.

பிப்ரவரி 3, மதியம்

செய்முறை மட்டும் வேண்டுபவர்களுக்கு: முதலில் ஸ்கேல், அப்புறம் வெட்டு. வெட்டிய பிறகுதான் ஸ்கேல் கொடுக்க முடியும் என்றால் ஆரிஜினை வைத்துக் கொடுங்கள். கோர் பாக்ஸுக்கும் (வார்ப்பின் உள் வெற்றிடத்துக்கான மண் கோரைச் செய்யும் பெட்டி) இதேதான்.

பிப்ரவரி 5

"அப்படியானால் ஏன் இருபது பேருக்கு மேல் வருவதில்லை?" என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. காரணம் எனக்குத் தெரியும், கொஞ்சம் சங்கடமானது.

ஆரம்பத்தில் ஹாலும் டீயும் ஒரு டீலர் செலவு. வாசலில் ஒரு ரிஜிஸ்டர் வைத்திருப்பார்கள். பெயர், கம்பெனி, போன் நம்பர், எந்த வெர்ஷன், எத்தனை லைசென்ஸ். கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் இரண்டு மூன்று சி.என்.சி. (கம்ப்யூட்டர் ஓட்டுகிற) மெஷின் வைத்து ஜாப் ஆர்டர் செய்கிற பட்டறைக்காரர் அந்தக் கடைசி இரண்டு கட்டத்தைப் பார்ப்பார், பேனாவைக் கீழே வைப்பார். போன் வந்த மாதிரி காதில் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விடுவார். நான் நாலைந்து பேரை அப்படிப் பார்த்திருக்கிறேன். அடுத்த வாரமே சிலருக்கு "உங்க லைசென்ஸ் விவரம் சரிபார்க்கணும்" என்று அழைப்பு வந்ததாகவும் பேச்சு.

திருட்டு சாஃப்ட்வேரை நான் நியாயப்படுத்தவில்லை. ஒரு லைசென்ஸின் விலையில் பழைய லேத் ஒன்று வாங்கலாம் என்கிற கணக்கில் இருப்பவர்களிடம் நியாயம் பேசிப் பயனுமில்லை. ஆனால் கற்றுக்கொள்ள வந்தவனை வாசலிலேயே கணக்கெடுத்தால் யார் வருவார்கள்? ஒரு கட்டத்தில் நாங்களே ஆளுக்கு நூறு ரூபாய் போட்டு மாடி ஹால் ஒன்றைப் பிடித்தோம். ரிஜிஸ்டரை எடுத்துவிட்டோம். அதற்கப்புறம்தான் வடை.

ஆள் கூடியதா என்றால் கொஞ்சம். பயம் போக வருஷங்கள் ஆகும். ரிஜிஸ்டர் போன பிறகு வந்த ஒரு தம்பி பழைய திருட்டுக் காப்பியைத் தூக்கிப் போட்டுவிட்டு ஃப்ரீகேட் என்கிற இலவச டிசைன் சாஃப்ட்வேருக்கு மாறிவிட்டார். காசு கிடையாது, யாரும் போன் செய்து கேட்கவும் மாட்டார்கள். முன்பு ஒரு ஸ்கெட்சைத் திருத்தினால் ஃபில்லட் (கூர்மையான மூலையை வளைவாக்குவது) வேறு விளிம்புக்குத் தாவிவிடும், 2024 நவம்பரில் வந்த 1.0-வில் அந்தத் தொல்லை பெருமளவு குறைந்துவிட்டது என்கிறார். சாலிட்வொர்க்ஸ் கூட்டத்தில் ஃப்ரீகேட் பேசலாமா என்று ஒருவர் முகம் சுளித்தார். வடைக்கு அந்தத் தம்பியும் நூறு ரூபாய் கொடுத்திருக்கிறார் என்று சொன்னோம்.

பிப்ரவரி 11

திருத்தம். 3-ம் தேதி எழுதியதில் 58 மி.மீ. தவறு.

நினைவில் இருந்து எழுதினேன். நேற்று பழைய ஹார்ட் டிஸ்கைத் தேடி எடுத்து இரண்டு பாதியையும் திறந்து, மாஸ் பிராப்பர்டீஸில் மையங்களைப் பார்த்தேன். இடைவெளி 42. அப்படியானால் என் தப்பால் வந்த படி 0.42. வெர்னியரில் பார்த்ததோ 0.6. மிச்சம் 0.18 எங்கிருந்து வந்தது?

பாக்ஸ் பின்தான். பேட்டர்ன்காரர் சொன்னது அந்த அளவுக்கு உண்மை. மூன்று வருஷமாக "முழுக்க என் தப்பு" என்று பெரிய மனது பண்ணிச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கணக்குப்படி பத்தில் ஏழு பங்குதான் என்னுடையது. பவுண்டரிக்காரருக்கு இதை இப்போது போய்ச் சொல்ல முடியாது. அவர் மகன் கல்யாணத்துக்கே போய் வந்தாயிற்று.

பிப்ரவரி 12

"பார்ட்டிங் முகமும் ஜீரோவை விட்டு நகர்ந்திருக்குமே, பேட்டர்ன் கடையில் கவனிக்கவில்லையா?" என்று ஒருவர் கேட்கிறார். இவர்தான் ஆள்.

கவனித்தார்கள். மையம் முகத்துக்கு மேலே இருக்கும், அதனால் விரியும்போது முகம் கொஞ்சம் இறங்கும். ஆபரேட்டர் அதைப் பார்த்துவிட்டு, முகத்தைத் தொட்டு இசட்டை ஜீரோ செய்துகொண்டார். எக்ஸ், ஒய் இரண்டையும் அப்படியே விட்டுவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே பிடிபட்டிருக்கும். ஏன் கேட்கவில்லை என்று பிறகு விசாரித்தேன். "டிசைன் ஆபீஸ்ல கேட்டா கோவிச்சுக்குவாங்கன்னு விட்டுட்டனுங்க" என்றார்.

நான் கோபித்துக்கொண்டிருப்பேன். அதுவும் உண்மை.

மார்ச் 9

நேற்று கூட்டம். மாதாந்திரப் பராமரிப்பு, அந்த ஏரியாவில் காலை ஒன்பதிலிருந்து ஐந்து வரை கரண்ட் இல்லை. எங்கள் கூட்டம் நாலு மணிக்கு. யாருமே மின்தடை அறிவிப்பைப் பார்க்கவில்லை. ப்ரொஜெக்டர் இல்லை, மின்விசிறி இல்லை, மார்ச் மாத வெயில், பதினெட்டுப் பேர். சர்ஃபேஸ் மாடலிங் பற்றிப் பேச வந்தவருடைய லேப்டாப்பில் சார்ஜ் 11 சதவீதம்.

கலைந்துவிடலாம் என்று எழுந்தபோது, என் பேட்டர்ன்காரர் (அந்த அதே ஆள்தான், இப்போது மாதாமாதம் வருகிறார்) கீழே வண்டியில் இருந்து ஒரு மரப் பேட்டர்னைத் தூக்கிக்கொண்டு வந்து ஜன்னல் ஓரமாக வைத்தார். தேக்கு. அவருடைய அப்பா செய்தது. வால்யூட் (நத்தை ஓடு மாதிரி சுருண்ட) கேசிங்கின் பாதி. மேலே சிவப்புப் பெயின்ட், கோர் பிரிண்ட் (கோர் உட்காருகிற பகுதி) வரும் இடத்தில் கறுப்பு. விளிம்புகள் தேய்ந்து உள்ளங்கை மாதிரி வழவழவென்று இருந்தது.

கூடவே ஒரு அடிக்கோல் கொண்டுவந்திருந்தார். அதை என் கையில் கொடுத்து, சாதாரண ஸ்டீல் ஸ்கேலோடு ஒட்டிப் பிடித்துப் பார்க்கச் சொன்னார். ஒரு முனையைச் சேர்த்துப் பிடித்தால் மறுமுனையில் பன்னிரண்டாவது அங்குலக் கோடு கொஞ்சம் தள்ளி நிற்கிறது. கோல் பொய் சொல்கிறது, வேண்டுமென்றே. சுருக்கத்தைக் கணக்குப் போட்டுக் கூட்ட வேண்டியதில்லை. டிராயிங்கில் எட்டு அங்குலம் என்றிருந்தால் இந்தக் கோலில் எட்டு அங்குலம் அளந்து வெட்டினால் போதும்.

"எங்கப்பாவுக்குப் பர்சென்ட் எல்லாம் தெரியாதுங்க. அடிக்கு ஒரு நூலு, அவ்வளவுதான்" என்றார்.

ஐந்தே முக்காலுக்குக் கரண்ட் வந்தது. யாரும் ப்ரொஜெக்டர் பக்கம் போகவில்லை.

மார்ச் 10

அடிக்கு ஒரு நூல் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அடிக்கு 96 நூல். 96-ல் ஒன்று, அதாவது 1.04 சதவீதம். நாம் ஸ்கேலில் அடிக்கிற 1.01 அந்த நூலின் பேரன்தான்.

ஆனால் அவர் இன்னொன்றும் சொன்னார், அதை நேற்று எழுத விட்டுப்போனது. எல்லா இடத்துக்கும் ஒரே நூல் கிடையாது. உள்ளே பெரிய கோர் இருந்தால் அது வார்ப்பைச் சுருங்கவிடாமல் பிடிக்கும், அந்தத் திசையில் குறைவாகக் கொடுக்க வேண்டும். பெரிய உருப்படிக்கும் குறைவு. அவருடைய அப்பா பழைய வார்ப்பைக் கையில் எடுத்து அளந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த பேட்டர்னுக்கு உட்காருவாராம். ஸ்கேல் கட்டளையில் எக்ஸ், ஒய், இசட் மூன்றுக்கும் தனித்தனி எண் கொடுக்கிற வசதி எதற்கு என்று எனக்கு இத்தனை வருஷம் தெரியாது. ‘யூனிஃபார்ம்’ என்கிற டிக்கை எடுத்துவிட்டால் போதும், கட்டம் திறக்கும்.

இரண்டு தடவை ஸ்கேல் ஆன ஒரு கதையும் அவர் சொன்னார். ஒரு டிசைன் ஆபீஸ் சுருக்கம் சேர்த்த ஃபைலையே அனுப்பியிருக்கிறது, ஆனால் சேர்த்தாயிற்று என்று எங்கும் எழுதவில்லை. இவர் மகன் தன் பங்குக்கு இன்னொரு தடவை சேர்த்துவிட்டான். 300 மி.மீ. ஃபிளேஞ்ச் 306 ஆகி, காஸ்டிங் 303-ல் வந்து நின்றது. அன்றிலிருந்து ஃபைல் பெயரிலேயே ‘சுருக்கம் சேர்த்தது’, ‘சேர்க்காதது’ என்று தமிழில் எழுதி வாங்குகிறாராம். நானும் இன்று முதல் அப்படித்தான்.

மார்ச் 16

வேறு பேச்சு. டீ குடிக்கும்போது கிளம்பிய தகராறு: சாலிட்வொர்க்ஸ் யாருடையது?

டசோ சிஸ்டம்ஸ் என்ற பிரெஞ்சு கம்பெனியுடையது, 1997-ல் வாங்கினார்கள். சரி. ஆனால் உள்ளே உருவங்களைக் கணக்குப் போடுகிற பாராசாலிட் என்ற கெர்னல் சீமென்ஸுடையது. அதே சீமென்ஸ் சாலிட் எட்ஜ், என்.எக்ஸ். என்ற போட்டி சாஃப்ட்வேர் இரண்டையும் விற்கிறது. பங்காளி வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைத்து இவர் விவசாயம் செய்கிறார், வாடகையும் கொடுக்கிறார். நம் ஊரில் என்றால் இதற்குள் வரப்புத் தகராறு வந்து தலைமுறை கடந்திருக்கும்.

1993-ல் இதைத் தொடங்கிய ஜான் ஹிர்ஷ்டிக் எம்.ஐ.டி.யில் படித்தவர் (குரோம்பேட்டை இல்லை, அமெரிக்கா). சீட்டாட்டத்தில் கணக்குப் போட்டு ஜெயித்த, அங்கே புகழ்பெற்ற பிளாக்ஜாக் கோஷ்டியில் இருந்தவர். முதல் வெர்ஷன் 1995-ல் வந்தது. விண்டோஸில், சாதாரண பி.சி.யில் ஓடும் என்பதே அன்றைக்குப் பெரிய விஷயம். அதற்கு முன் இந்த மாதிரி வேலைக்கு யூனிக்ஸ் ஒர்க்ஸ்டேஷன் வேண்டும், நம் பட்டறைகள் எட்டிப் பார்க்க முடியாது. பிறகு அவரே வெளியே வந்து பிரவுசரில் ஓடுகிற ஆன்ஷேப்பைத் தொடங்கினார். அதிலும் அதே பாராசாலிட்தான்.

இதெல்லாம் தெரிந்து ஃபில்லட் சரியாகப் போகுமா என்றால் போகாது.

ஏப்ரல் 13

நேற்று ஆறு பேர். சித்திரை ஒன்று நெருங்கிவிட்டது, பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். ஆறு பேர் கூட்டம் பழமொழிச் சந்தையாகிவிடும் என்று பயந்தேன். இல்லை.

வெர்ஷன் தொல்லையைப் பற்றிப் பேசினோம். கஸ்டமர் 2024-ல் செய்த ஃபைலை அனுப்புகிறார், பட்டறையில் இருப்பது 2019. திறக்காது. பழைய வெர்ஷனில் சேமிக்க வழியே கிடையாது. ஸ்டெப் ஃபைலாக (எல்லா சாஃப்ட்வேரும் படிக்கிற பொது வடிவம்) வாங்கினால் திறக்கும், ஆனால் உள்ளே ஃபீச்சர் மரம் (எதை எந்த வரிசையில் செய்தோம் என்கிற பட்டியல்) இருக்காது, வெறும் கட்டைதான். ஒரு ஓட்டையை இரண்டு மி.மீ. நகர்த்தக்கூடச் சுற்றி வளைத்துத்தான் செய்ய வேண்டும்.

ஏப்ரல் 15

மேலே "வழியே கிடையாது" என்று எழுதியது தவறு. டை டிசைன் மேடம் போன் செய்து திருத்தினார். 2024-ல் இருந்து முந்தைய வெர்ஷனுக்குச் சேமிக்கலாம். ஆனால் இரண்டு படிதான் கீழே இறங்கும், 2024 என்றால் 2022 வரை. அதுவும் சந்தா நடப்பில் இருப்பவர்களுக்கு மட்டும். 2019 வைத்திருப்பவருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆக நான் சொன்னது தவறு, அந்தப் பட்டறைக்காரரின் கஷ்டம் அப்படியே இருக்கிறது.

ஏப்ரல் 15, இரவு

"பழமொழிச் சந்தை" என்றால் என்ன என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். நாங்களாகக் கட்டிய சொல். ஆள் குறைந்தால் பெரியவர்கள் "அந்தக் காலத்தில டிராயிங் போர்டுல..." என்று ஆரம்பிப்பார்கள். அதுதான்.

மே 11

கேள்வி கேட்டவர் நேற்று வந்தார். முன்னால் சொல்லிக்கொள்ளவில்லை, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார், நான்தான் பேச்சுக்கொடுத்துக் கண்டுபிடித்தேன். பென்டிரைவ் கொண்டுவந்திருந்தார். கேசிங்கின் நாக்குப் பகுதி, அதாவது வால்யூட் சுவரும் வெளிப்போக்குக் குழாயும் சந்திக்கிற கூர்மையான இடம். அதன் அடியில் 3 மி.மீ. ஃபில்லட் போக மாட்டேன் என்கிறது. மூன்று நாளாகப் போராடியிருக்கிறார்.

எல்லோரும் பாய்ந்தார்கள். ஃபேஸ் ஃபில்லட் போடு என்றார் ஒருவர். ஹோல்ட் லைன் வரைந்து பார் என்றார் இன்னொருவர். முதலில் சுவரை வெட்டிவிட்டு சர்ஃபேஸாக மூடு என்று மேடம். ஃப்ரீகேட் தம்பி கையைக் கட்டிக்கொண்டு புன்னகையோடு பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பது நிமிஷம் போனது. ஒன்று போனால் பக்கத்து விளிம்பு கிழிந்தது.

பேட்டர்ன்காரர் எழுந்து திரைக்குக் கிட்டே போய் அந்த மூலையை விரலால் தொட்டார்.

"இது பேட்டர்னுக்குத்தானுங்களே தம்பி?"

"ஆமாங்க."

"இந்த மூலைக்கு என்ற மெஷின்ல ஆறு எம்.எம். பால் நோஸு கட்டருதான் (முனை உருண்டையா இருக்கும்) போகும். அது போனா மூணு ரேடியஸு தானா வந்துருமுங்க. நீங்க எதுக்கு அதைப் போட்டுக் கஷ்டப்படறீங்க?"

கேள்வி கேட்டவர் ஒரு நிமிஷம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஃபீச்சர் மரத்தில் அந்த ஃபில்லட்டைத் தேடி, டிலீட் செய்தார். சிவப்புக் குறிகள் எல்லாம் போய்விட்டன. டிராயிங்கில் மட்டும் ஆர் 3 என்று ஒரு குறிப்பு எழுதச் சொன்னோம்.

அடுத்த கூட்டம் ஜூன் 14, அதே மாடி. மின்தடை அறிவிப்பைப் பார்த்துவிட்டேன், அன்றைக்கு இல்லை. மவுஸ் எடுத்து வாருங்கள். இன்னொன்று, நேற்று வடைக் கடை லீவு. பப்ஸ்தான் கிடைத்தது.